அம்மாவின் ஹெல்மெட்டில் ஒரு கூடு

எங்கள் பள்ளி வேலியின் கம்பிகளுக்கு இடையே பருப்புக் குழம்புப் பை நுழையும். ரொட்டி சானாய் பொட்டலம் நுழையாது. அதை மடித்து, கொஞ்சம் நசுக்கித்தான் உள்ளே தள்ள வேண்டும். தள்ளுகிறவரின் விரலிலும் எண்ணெய் ஒட்டும், வாங்குகிற பிள்ளையின் விரலிலும் ஒட்டும்.

அன்று ஓய்வுநேரக் கண்காணிப்பு என்னுடையது. வாதுமை மர நிழலில் நின்றிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சரஸ். சிங்கப்பூரிலிருந்து நேராக வந்திருக்கிறார் என்பது தோளில் தொங்கிய துணிப்பையிலேயே தெரிந்தது. இந்தப் பக்கம் அவருடைய மகள் லோஷினி, என் ஐந்தாம் ஆண்டு மாணவி.

"சூடா இருக்குது, பார்த்துப் பிடி."

லோஷினி பொட்டலத்தை வாங்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன, கோவமா?"

"இல்ல."

"தலைய யாரு பின்னிவிட்டது, அப்பாவா? ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் எறங்கிக் கிடக்குது."

"பெல் அடிக்கப் போவுது."

"இன்னும் அடிக்கல லா."

அடிக்கவில்லைதான். ஆனாலும் அவள் திரும்பி நடந்துவிட்டாள். சரஸ் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பெரிய பிள்ளையாயிட்டாங்க டீச்சர், அதான்" என்றார்.

நானும் சிரித்துவைத்தேன். லோஷினி ஏன் அப்படி நடந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியும். சொல்லலாமா, சொன்னால் இந்த அம்மாவின் ஒரே விடுமுறை நாள் என்னவாகும் என்று தெரியாமல், விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கள்

அந்த ஆண்டுகளில் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் ஞாயிறுதான் ஓய்வு நாள். எங்கள் ஊர் மாசாயில் பல வீடுகளில் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார். என் வீட்டுக்காரரைப்போல விடியுமுன் மோட்டார் சைக்கிளில் போய் இருட்டிய பின் திரும்புகிறவர்கள் உண்டு. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வாரம் ஒருமுறை மட்டும் வருகிறவர்களும் உண்டு.

அப்படி வருகிற அம்மாக்களுக்குக் கிடைக்கும் அந்த ஒரு நாளில் பிள்ளை பள்ளியில் இருக்கும். அதனால் ஓய்வுநேரத்தில் வேலியோரம் வந்துவிடுவார்கள். தலைமையாசிரியர் எதையோ மறந்துவிட்டவர்போல அலுவலகத்துக்குள் போய்விடுவார். பாக்சிக் என்று நாங்கள் அழைக்கும் காவல்காரப் பெரியவர் மட்டும், எனக்கு ரொட்டி இல்லையா என்று மலாயில் கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

இப்போது ஞாயிறு விடுமுறையாகிவிட்டது. வேலியோரம் யாரும் நிற்பதில்லை. நல்லதுதான், அம்மாக்களுக்கு முழு நாள் கிடைக்கிறது. ஆனாலும் கண்காணிப்புக்கு நிற்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தக் கம்பிகளுக்குத்தான் போகிறது.

சரஸுக்கு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர் விழித்திருக்கும் நேரத்தில் மகள் தூங்குவாள். மகள் பேசக் காத்திருக்கும் நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார் அல்லது பேருந்தில் இருப்பார். வீட்டில் லோஷினியும் அவள் அப்பா குணாவும்தான்.

எல்லாருக்கும் ஒரே அம்மா

அந்த ஆண்டின் தொடக்கத்தில் 'என் அம்மா' என்று ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். திருத்த உட்கார்ந்தால் ஒரே அம்மாதான் எல்லாப் புத்தகத்திலும் இருந்தார். காலைக் கதிரவன் எழுமுன் எழுந்தார். குத்துவிளக்கு ஏற்றினார். அறுசுவை உணவு சமைத்தார். பர்வினின் அம்மாவும் குத்துவிளக்கு ஏற்றினார்.

"பர்வின், உங்க வீட்டுல குத்துவிளக்கு இருக்கா?"

"நாங்க முஸ்லிம் டீச்சர்."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"வீட்டுல இல்ல டீச்சர். ஆனா கட்டுரைல இருக்கணும் இல்ல?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அது குத்த ஆரம்பித்தது. அந்தத் தொடக்கத்தை மனப்பாடம் செய்யச் சொன்னது யார்? நான்தான். தேர்வில் மதிப்பெண் கிடைக்கும் என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதிப்போட்டதும் நான்தான்.

லோஷினியின் கட்டுரையில் அவள் அம்மா தினமும் காலையில் தலைவாரிப் பூச்சூட்டி, கையசைத்துப் பள்ளிக்கு அனுப்பினார். அதற்குப் பதினைந்துக்குப் பன்னிரண்டு போட்டிருந்தேன்.

பிள்ளைகள் யாருக்காக எழுதுகிறார்கள் என்று யோசித்தேன். சிவப்புப் பேனாவோடு இருக்கும் எனக்காக. எனக்கோ அதைப் படிக்கப் பெரிய ஆவல் இல்லை. அந்த நாட்களில் நான் ஆவலோடு படித்த தமிழ் ஒன்றே ஒன்றுதான். என் மகள் தியாவைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பரமேஸ் அக்கா, கைப்பேசியில் ஸ்டேட்டஸ் போடுவார்: 'தியா சாப்டாச்சு. வெண்டிக்காய் மட்டும் வேணாமாம்.' அவ்வளவுதான். அதைப் பள்ளி மாடிப்படியில் நின்று திரும்பத் திரும்பப் படிப்பேன். வெண்டைக்காயை எடுத்து ஓரமாக வைக்கும் அந்தச் சின்ன விரல்கள் எனக்குத் தெரியும்.

படிக்க ஏங்குகிற ஒருவர் இருந்தால் இரண்டு வரி போதும். அங்கிருந்துதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

நான்கு வரி, படம் கூடாது

பிள்ளைகளுக்குச் சொந்தக் கைப்பேசி இல்லை. வீட்டில் யாருடைய கைப்பேசியிலாவது மாலையில் ஒரு ஸ்டேட்டஸ் எழுத வேண்டும். நான்கு வரி. படம் கூடாது. அன்று தன் கண்ணால் பார்த்த ஒன்று. எழுதுமுன், யார் படிக்க வேண்டும் என்று ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில் அவற்றில் சிலவற்றைத் திரையில் காட்டுவேன். எந்த வரி கண்ணில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பேசுவோம்.

ஸ்டேட்டஸ் ஒரு நாள்தான் இருக்கும், பிறகு மறைந்துவிடும். யார் யார் பார்த்தார்கள் என்று போட்டவர் மட்டும் காணலாம். அந்தப் பெயர்கள்தான் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டன. எழுதினால் யாரோ படிக்கிறார்கள் என்பதை அவர்கள் முதன்முறையாகக் கண்ணால் கண்டார்கள்.

பெற்றோர் குரூப்பில் ஒரு வேண்டுகோளும் போட்டேன். எங்கள் பெற்றோர் நல்லவர்கள், ஆனால் வீட்டுப்பாடம் என்றால் தாங்களே எழுதிக்கொடுத்துவிடுவார்கள். அதனால், 'தயவுசெய்து திருத்த வேண்டாம், சொல்லித்தர வேண்டாம், எழுதியதைப் பற்றிப் பிள்ளையிடம் எதுவும் கேட்க வேண்டாம். படித்தால் போதும்' என்று எழுதினேன். எழுதியபோது மிகச் சரியாகத்தான் தோன்றியது.

முதல் வாரமே ஒரு மாணவன், டயட்டில் இருப்பதாகச் சொல்லும் தன் மாமா காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சாப்பிட்டதை எழுதிவிட்டான். அத்தை உட்பட எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மாமா என்னை அழைத்தார். "டீச்சர், கட்டுரை நல்லாருக்கு. ஆனா வேற தலைப்பு குடுங்களேன்."

மறுநாளே புது விதி: யாரைப் பற்றி எழுதினாலும் அவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

எனக்கு நிம்மதி இல்லை. என் மகள் கையில் கைப்பேசியைக் கொடுக்காதவள், பிறர் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்கிறேனே என்று ஒரு நாள் நினைப்பேன். மறுநாள், 'மழைக்குப் பிறகு பாசிர் கூடாங் பக்கத்து வானம் பழைய ஆரஞ்சுத் தோல்போல இருந்தது' என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கும். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று விட்டுவிடுவேன்.

ஹெல்மெட்

லோஷினி அப்பாவின் கைப்பேசியில் எழுதினாள். அவளுடைய இரண்டாவது ஸ்டேட்டஸ் இது:

'அம்மாவின் ஹெல்மெட் சன்னல் கம்பியில் தொங்குகிறது. அதற்குள் ஒரு குளவி மண் கொண்டுவந்து வைக்கிறது. மண் பூசும்போது அது பாடுகிறது. அப்பா கலைக்கப் போனார், நான் வேண்டாம் என்றேன்.'

திரையில் அதைப் படித்ததும், "குளவி பாடுமா?" என்று ஒருவன் கேட்டான். "கிட்ட போய்க் கேளு" என்றாள் லோஷினி.

ஒருகாலத்தில் குணாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து சரஸ் போட்ட ஹெல்மெட் அது. அங்கே தங்க ஆரம்பித்த பிறகு தேவைப்படவில்லை. இதையெல்லாம் அவள் எழுதவில்லை. எழுதாமலே தெரிந்தது.

தினமும் குளவியின் கதை வளர்ந்தது. 'கூடு இப்போது என் கட்டைவிரல் அளவு.' 'குளவி ஒரு பச்சைப் புழுவை இழுத்துக்கொண்டு போனது. புழு பாவம். ஆனால் குஞ்சுக்குப் பசிக்கும்.' 'குளவி வாசலை மண்ணால் மூடிவிட்டுப் போய்விட்டது. இனிமேல் குஞ்சு தானாக வர வேண்டும்.' இதற்கு முன் அந்தப் பெண் தானாக யோசித்து எழுதிய ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

வராத பெயர்

காலையில் புத்தகப்பையை இறக்குமுன்பே என் மேசைக்கு வந்துவிடுவாள்.

"டீச்சர், பெரியம்மா பார்த்துட்டாங்க. கேஸ் தூக்கிட்டு வர்ற அங்கிள்கூட பார்த்துட்டாரு."

"அம்மா?"

"ஷிப்டு. அப்புறமா பார்ப்பாங்க."

சில நாட்களில் அந்த 'அப்புறமா'வும் நின்றது. எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் ஒருமுறை, ஸ்டேட்டஸைப் பார்த்தாரா என்று அம்மாவிடமே கேட்டாயா என்றேன். உதட்டைச் சுழித்தாள். "நான் ஏன் கேக்கணும்? பார்த்தா பேரு வரும்ல."

பிறகு ஒரு திங்கட்கிழமை வந்து, தரையைப் பார்த்துச் சொன்னாள். "நேத்து அம்மா வீட்டுக்கு வந்தாங்க டீச்சர். ஹெல்மெட் கிட்டதான் செருப்பு கழட்டினாங்க. ஏறிட்டுக்கூட பார்க்கல."

அன்றிலிருந்து எழுதவில்லை. கேட்டால், "ஒண்ணும் நடக்கல டீச்சர்" என்பாள். அந்த வாரம் அவள் கொடுத்த கட்டுரையின் முதல் வரியில் காலைக் கதிரவன் மறுபடி எழுந்திருந்தான்.

அடுத்த ஞாயிறுதான் நான் முதலில் சொன்ன அந்த ரொட்டிப் பொட்டலம்.

இரவு முழுக்க வேலை பார்க்கிற ஒரு அம்மாவிடம், உங்கள் மகள் எழுதுவதை நீங்கள் படிப்பதில்லை என்று எப்படிச் சொல்வது? செய்தி அடித்தேன், அழித்தேன். மீண்டும் அடித்தேன். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "நீ டீச்சர். அவங்க குடும்பத்துக்கு கவுன்சிலர் இல்ல" என்றார். அதுவும் சரிதான் என்று தோன்றியது. ஆனால் யார் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுது என்று சொன்னவள் நான். அவளிடம் ஆசையைக் கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எப்படிச் சரியாகும்?

பரமேஸ் அக்கா வீட்டு வாசல்

அந்த வாரத்தில் ஒரு மதியம் தியாவை அழைத்துவரப் போனேன். பரமேஸ் அக்கா அவளுக்குச் சட்டை மாற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. மத்த அம்மாங்கள்லாம் நான் போடற ஸ்டேட்டஸ டாண்ணு பார்த்துடறாங்க. உங்க பேரு மட்டும் வர்றதே இல்ல. இந்தக் குட்டி வேற தெனமும் என் போன புடிச்சுக்கிட்டு உங்க போட்டோவத் தேடுது."

எனக்குச் சுருக்கென்றது. "அக்கா, நான் தினமும் பார்க்கிறேன்!"

"ஆமா, ஆமா. வேலை அதிகம், தெரியும்."

"இன்னைக்குக்கூட தியா பொம்மைக்குத் துண்டு கட்டிக் குளிப்பாட்டினாள்னு போட்டிருந்தீங்க. நேத்து வெண்டைக்காயைப் பக்கத்துல இருந்த பிள்ளை தட்டுல தள்ளிட்டா."

பரமேஸ் அக்கா சட்டையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். "அலமாக்! அப்ப ஏன் பேரு வரல?"

இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து என் கைப்பேசியைத் துழாவினோம். சாப்பிடும் நேரத்திலும் பெற்றோர் செய்தி அனுப்பி, 'பார்த்துட்டு பதில் போடலையே டீச்சர்' என்று கேட்க ஆரம்பித்த காலத்தில், செய்தியைப் படித்துவிட்டதைக் காட்டும் நீல டிக்கை நான் அணைத்து வைத்திருந்தேன். அதை அணைத்தால், பிறர் ஸ்டேட்டஸைப் பார்க்கும்போதும் நம் பெயர் அங்கே தெரியாது. அது எனக்குத் தெரியவே தெரியாது.

தியா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளாக அவள் என்னைத் தேடியிருக்கிறாள். நான் அங்கேதான் இருந்திருக்கிறேன், பெயரில்லாமல்.

அப்போதுதான் சரஸ் ஞாபகம் வந்தது. அவரும் இதேபோல அணைத்து வைத்திருந்தால்?

குரல்

'லோஷினி அம்மா, உங்கள் கைப்பேசியில் நீல டிக்கை அணைத்து வைத்திருக்கிறீர்களா?' என்று மட்டும் அனுப்பினேன். மறுநாள் அவர் ஷிப்ட் முடித்த பிறகு குரல்செய்தி வந்தது. பின்னால் பேருந்து உறுமிக்கொண்டிருந்தது.

"ஆமா டீச்சர், எப்பவோ ஆஃப் பண்ணிட்டேன். எங்க சூப்பர்வைசர் லீவு நாள்ல ஓவர்டைமுக்கு வான்னு மெசேஜ் போடுவான். பார்த்துட்டேன்னு தெரிஞ்சா விடமாட்டான். அது கெடக்கட்டும் டீச்சர். லோஷினி ஏன் எழுத மாட்டேங்குது? ஒடம்பு சரியில்லையான்னு அவ அப்பாவக் கேட்டா ஒண்ணும் இல்லங்கறாரு. குளவிக் குஞ்சு வந்துச்சா இல்லையான்னே தெரியல எனக்கு. லாக்கரத் தொறந்ததும் மொத வேலையா அதத்தான் பார்ப்பேன். நீங்கதான குரூப்ல போட்டீங்க, ஒண்ணும் கேக்காதீங்க, படிச்சா போதும்னு. அதான் வாயத் தொறக்கல. வீட்டுக்குப் போனப்பகூட, புள்ள குளிக்கப் போன நேரத்துல ஹெல்மெட்டுக்குள்ள எட்டிப் பார்த்துட்டு வந்தேன்."

ஆசிரியர் அறையில் ஆட்கள் இருந்தார்கள். நான் எழுந்து கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அவரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நானே லோஷினியிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் டீச்சர்" என்றார். "நானே வர்றேன்."

மறுபடியும் வேலி

அந்த ஞாயிறு கண்காணிப்பு என் முறை இல்லை. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சரஸ் ரொட்டிப் பொட்டலத்தை மடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "குஞ்சு வந்துருச்சா?"

"என்ன குஞ்சு?"

"என் ஹெல்மெட்ல. வாசல மூடிட்டுப் போயிருச்சுன்னு எழுதின இல்ல? கட்டைவிரல் அளவுன்னு. பச்சைப் புழு பாவம்னு."

லோஷினி அசையாமல் நின்றாள். அவள் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"பார்த்தியா? எல்லாத்தையும் பார்த்தியா? அப்ப ஏன் பேரு வரல? நான் தெனமும் பார்த்தேன்! கேஸ் அங்கிள் பேருகூட வந்துச்சு!"

"சூப்பர்வைசர் தொல்லை தாங்காம போன்ல நீல டிக்க ஆஃப் பண்ணி வச்சிருந்தேன்ம்மா. இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது."

"நான் நீ பார்க்கலன்னு நெனச்சேன்."

"தெரியும். சொல்லு, குஞ்சு வந்துச்சா?"

அவள் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "போயிருச்சும்மா. நேத்து பார்த்தா ஓட்டை போட்டிருக்கு. எப்ப போச்சுன்னு தெரியல. எழுதலன்னு... நானும் பார்க்கறத விட்டுட்டேன்."

அந்தக் குளவி வெளியே வந்ததை யாருமே பார்க்கவில்லை. அம்மா லாக்கரைத் திறந்து திறந்து காத்திருந்தார். மகள் கையெட்டும் தூரத்தில், பார்க்காமல் இருந்தாள். அந்த ஒரு ஸ்டேட்டஸ் இனி இருவருக்கும் கிடைக்கப்போவதில்லை.

சரஸ் கைப்பேசியைக் கம்பிக்குள் நீட்டினார். ரொட்டி நுழையாத இடைவெளியில் அது நுழைந்தது. "நீயே அந்த டிக்கத் திரும்பப் போட்டுவிடு."

பள்ளிக்குள் மாணவர்கள் கைப்பேசியைத் தொடக் கூடாது. நான் வாதுமை மரத்தில் ஏதோ இருப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சூப்பர்வைசருக்கும் தெரிஞ்சிருமேம்மா."

"தெரியட்டும். பார்த்துட்டேன், வர முடியாதுன்னு சொல்லிக்கறேன். நீ போடு லா, ரொட்டி ஆறுது."

அன்று மாலை குணாவின் ஸ்டேட்டஸில் இது வந்தது:

'கூடு காலியாக இருக்கிறது. ஓட்டைக்குள் என் சுண்டுவிரல் நுழைகிறது. ஹெல்மெட்டைக் கழுவலாமா என்று அப்பா கேட்டார். இன்னொரு குளவி வரும், இருக்கட்டும் என்றேன்.'

மறுநாள் லோஷினி என் மேசைக்கு ஓடிவரவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்தபடி, வகுப்பின் அந்தக் கோடியிலிருந்து, எனக்கு மட்டும் தெரியும்படி ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். முதல் பெயரே அம்மாவுடையது.

நானும் என் நீல டிக்கைத் திரும்பப் போட்டிருந்தேன். பெற்றோர் செய்திகள் சாப்பாட்டு நேரத்தில் வரத்தான் செய்தன. குரூப்பில் போட்ட வேண்டுகோளையும் மாற்றினேன்: 'திருத்த வேண்டாம். ஆனால் படித்தீர்கள் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.' அதுவும் சரிதானா என்று இன்றுவரை முழு நிச்சயம் இல்லை.

அன்று மதியம் பரமேஸ் அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. வழக்கமாக என் செருப்புச் சத்தத்துக்கே ஓடிவரும் தியா வரவில்லை. கூடத்தின் நடுவில், அக்காவின் கைப்பேசியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது எழுத்து தெரியாது. பெயர்களுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வட்டத்தில், என் முகத்தின்மேல் விரலை வைத்திருந்தாள்.

"உங்க பேரு வந்ததுலேருந்து வெரல எடுக்க மாட்டேங்குது" என்றார் அக்கா சமையலறையிலிருந்து.

தியா நிமிர்ந்து வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து வட்டத்தைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். வட்டத்தில் இருக்கும் அம்மாவா, வாசலில் நிற்கும் அம்மாவா, முதலில் வந்தது யார் என்று அவளே முடிவு செய்யட்டும் என்று, செருப்பைக் கழற்றாமல் நான் அங்கேயே நின்றிருந்தேன்.